சாமான்களின் குரூப் போட்டோ

மே 9

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். உன் முட்டிவலியும் அத்தானின் இருமலும் எப்படி இருக்கின்றன? போனிலேயே கேட்கலாம்தான். ஆனால் நீ பேச வேண்டியதையெல்லாம் அத்தான் பக்கத்தில் நின்று பேசிவிடுகிறார். அதனால்தான் கடிதம்.

இன்ஷூரன்ஸ் ஆபீஸில் என்னை இப்போது வெள்ள நஷ்டப் பிரிவில் போட்டிருக்கிறார்கள். நனைந்த மெத்தைகளை நாள் முழுக்கப் போட்டோவில் பார்த்துவிட்டு, ராத்திரி காய்ந்த மெத்தையில் படுத்தாலும் முதுகு சில்லென்று இருக்கிறது. போதாததற்குப் புது வீட்டைச் சுற்றித் தவளைச் சத்தம். காதைப் பொத்திக்கொண்டு தூங்குகிறேன்.

போன வாரம் நஷ்டஈடு கேட்டு ஒரு கிளைம் வந்தது. கட்டும்போது படியேறிப் போன வீடு. தெருவுக்குத் தார் மேல் தாராகப் போட்டுப் போட்டு, இப்போது படி இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். மழை பெய்தால் தெருவே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தப் போட்டோவைப் பார்த்ததும் உன் வாசல்தான் கண்முன் வந்தது. அக்கா, வீட்டுக்குப் பாலிசி இருக்கிறது என்று அத்தான் சொல்வார். அதில் வெள்ளம் சேர்ந்திருக்கிறதா என்று எடுத்துப் பார். பலர் வெள்ளம் வந்த பிறகுதான் பாலிசியைப் படிக்கிறார்கள், அதுவும் வெயிலில் காய வைத்து.

எனக்கு இதையெல்லாம் எழுது. தெருத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது? பின்னால் இருந்த வாய்க்கால் இருக்கிறதா? வீட்டுக்குள் எப்போதாவது தண்ணீர் வந்திருக்கிறதா?

இன்னொரு விஷயம். டிசம்பரில் எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். ஊர் ஊராக எனக்கு மாற்றல் ஆனபோது கல்யாண ஆல்பத்தை உன் வீட்டு இரும்புப் பெட்டியில் வைத்தேனே, அதை அனுப்பிவை. அத்தான் படமெடுத்துப் பிளாஷ் அடித்தபோதெல்லாம் நான் கண்ணை மூடிவிட்டேனாம். ஒரு படத்திலாவது திறந்திருக்கிறேனா என்று என் வீட்டுக்காரி பார்க்க வேண்டுமாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
தம்பி

மே 27

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். முட்டிவலி அது பாட்டுக்கு இருக்கிறது, நான் பாட்டுக்கு இருக்கிறேன். உன் அத்தானுக்கு இருமல் நின்றுவிட்டது, பேச்சுதான் நிற்கவில்லை.

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். தெருவில் போய் நின்று வாசலை ஒரு தடவை பார்த்தார். "நம்ம வீடு மேட்டுல இருக்குன்னு எழுது" என்றார். "மேட்டுல இருக்கிற வீட்டுக்குள்ள நாம ஏன் இறங்கிப் போறோம்?" என்று கேட்டேன். "இறங்குறது நாமதான். தண்ணிக்கு என்ன வேலை இங்க?" என்று சொல்லிவிட்டு, முன்னறை ஸ்டூடியோவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கல்யாணம் கல்யாணமாக நின்று படம் பிடித்துக் கட்டிய வீடு. அதைப் பள்ளம் என்று சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் எங்களுக்கு இதை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. அதனால் நீ சொல்வதை நான் காதில் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

தெருத் தண்ணீர் ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து ஓடி வந்து எங்கள் வாசலில் இளைப்பாறும். வாய்க்கால் இருக்கிறது, ஆனால் அதன் மேல் ஸ்கூட்டர் ரிப்பேர் கடை உட்கார்ந்திருக்கிறது. பாலிசியையும் எடுத்துப் பார்த்தேன். தீ, இடி, கலவரம், வீட்டின் மேல் ஆகாய விமானம் விழுவது, எல்லாம் இருக்கிறது. தண்ணீர் மட்டும் இல்லை. விமானம் விழுந்தால் எங்களுக்குக் கவலையே இல்லை.

ஆல்பம் இருக்கிற பெட்டியின் சாவியைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அது சரி, தவளை மேட்டில் குடியிருந்து நான் பார்த்ததில்லை. உன் வீட்டுக்குப் பாலிசி போட்டாயா?

உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல்.
அக்கா

ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கும் குறைவிருக்காது என்று நம்புகிறேன். உன் கடிதத்தை ஆபீஸ் கேண்டீனில் சத்தமாகப் படித்தேன். விமானம் விழுந்த இடத்தில் மேனேஜருக்குப் புரையேறிவிட்டது.

வெள்ளத்தைத் தனியாகக் கேட்டுத்தான் சேர்க்க வேண்டும். சுவருக்கும் கூரைக்கும் ஒரு பாதுகாப்பு, உள்ளே இருக்கும் சாமானுக்கு வேறொரு பாதுகாப்பு. இரண்டையும் கேள். இல்லாவிட்டால் சுவர் காய்ந்துவிடும், உள்ளே உட்கார நாற்காலி இருக்காது. அத்தானை நகராட்சி ஆபீஸுக்கு அழைத்துப் போ. எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்று வரைபடம் வைத்திருப்பார்கள். அவர் நம்மை நம்பமாட்டார், படத்தை நம்புவார்.

நான் கேட்டதில் ஒன்றுக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்குள் தண்ணீர் வந்திருக்கிறதா? ஆமாம், இல்லை, ஒரு சொல் போதும்.

எங்கள் காலனி நல்ல மேடான இடம். வீட்டை முடித்துக் கொடுத்த தரகரே சொன்னார். தவளை எங்கே வேண்டுமானாலும் கத்தும், அதற்கு வாய் இருக்கிறது.

சாவி கிடைத்ததா?
தம்பி

ஜூலை 8

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஆசி.

உன் வீட்டுக்காரிக்குச் சளி என்று கேள்விப்பட்டேன். வெந்நீர் குடிக்கச் சொல். இங்கே எங்களுக்கு ஒன்றும் குறையில்லை, மானத்தைத் தவிர.

நகராட்சி ஆபீஸுக்குப் போனோம். அங்கே ஒரு பெண் குமாஸ்தா சுவர் அளவு வரைபடத்தை விரித்தாள். எங்கள் தெரு முழுக்க நீலம். உன் அத்தானுக்கு வந்ததே கோபம்! "என் வீட்டை நீலமா அடிச்சது யாரும்மா?" என்றார். அவள் பதறவே இல்லை. "நாங்க நீலம் அடிச்சதால தண்ணி வரலீங்க. தண்ணி வர்றதாலதான் நீலம்" என்றாள். "அப்படின்னா இந்த ஆபீஸ் எங்க இருக்கு, காட்டு" என்று மடக்கினார். அவள் விரலை வைத்துக் காட்டினாள். அதுவும் நீலம்! அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தோம். ஃபைல்கள் எல்லாம் உத்தரத்தை ஒட்டிய பரணில். கீழே ஒரு துண்டுக் காகிதம் இல்லை. அவளுடைய செருப்புகூட மேசைமேல்தான் இருந்தது.

வரும் வழியெல்லாம் அவர் ஒவ்வொரு வீட்டு வாசற்படியையும் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார். வாசலுக்கு வந்ததும், "உன் தம்பி சொன்னதுக்காக இல்ல. அந்தப் பொண்ணு செருப்பைப் பார்த்துச் சொல்றேன். போட்டுடலாம்" என்றார்.

அடுத்து என்ன செய்ய வேண்டும், எழுது. சாவி அங்கேதான் எங்கேயோ இருக்கிறது. நீ உன் வீட்டுக்குப் போட்டாயா என்று கேட்டேனே?

அக்கா

ஜூலை 21

அக்கா,

சளி குணமாகிவிட்டது. அந்தக் குமாஸ்தாவுக்கு எங்கள் ஆபீஸில் வேலை கொடுக்க மேனேஜர் தயார்.

விண்ணப்பம் இத்துடன் இருக்கிறது. சீக்கிரம் நிரப்பி அனுப்பு. பணம் கட்டிய அன்றைக்கே பாதுகாப்பு தொடங்காது, கொஞ்ச நாள் போக வேண்டும். மேகத்தைப் பார்த்துவிட்டு ஓடி வருகிறவர்களுக்காகவே அந்த விதி. சாமான்களையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல். தனித்தனியாக, தெளிவாக. அத்தானுக்கு இதில் நான் சொல்லித்தர ஒன்றுமில்லை.

ஒன்றை மட்டும் கவனமாகப் படி. "இதற்கு முன் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததுண்டா?" என்று அதில் கேட்டிருக்கும். உண்மையை எழுது. "ஆம்" என்று எழுதினால் பிரீமியம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். பொய் எழுதி, பிறகு தெரிந்தால், பாலிசி இருந்தும் இல்லாத மாதிரி.

தம்பி

ஆகஸ்ட் 11

அன்புத் தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறோம். இடுப்பைப் பற்றி மட்டும் கேட்காதே.

உன் கடிதத்தைப் படித்ததும் உன் அத்தான், "எத்தனை கல்யாண குரூப் எடுத்தவன் நான்! எனக்கே தனித்தனியா எடுன்னு பாடம் நடத்துறானா?" என்றார். அவ்வளவுதான். மாடியில் இருந்தது, கீழே இருந்தது, எல்லாச் சாமானையும் ஹாலில் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். உயரமானது பின்னால், குட்டையானது முன்னால். நடுவில் பிரிட்ஜ் மாப்பிள்ளை. பக்கத்தில் வாஷிங் மெஷின் பெண். மிக்ஸியும் குக்கரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி முன்வரிசையில் தரையில். தையல் மிஷினைப் பெண் வீட்டார் பக்கம் நிறுத்தினார், நான் கொண்டுவந்ததாம். ஸ்டாண்டு ஃபேன் வேறு பக்கம் பார்த்தது என்று அதன் தலையைத் திருப்பிவிட்டு, "அசையாதே" என்று சொன்னார். என் காதால் கேட்டேன்.

பீரோவின் கண்ணாடியில் பிளாஷ் பட்டுத் திரும்புகிறது என்று அதையும் சுவரிலிருந்து நகர்த்தி ஓரமாக வைத்தார். எதிர்வீட்டுக்காரி ஓடி வந்து, "என்னக்கா, வீட்டைக் காலி பண்றீங்களா?" என்று கேட்டாள். அவளையும் படத்தில் நிற்கச் சொன்னார். அவள் தலை வாரவில்லை என்று ஓடிவிட்டாள்.

படம் எடுத்து முடித்ததும் இருவருக்கும் இடுப்புப் பிடித்துக்கொண்டது. இப்போது சாமான்கள் கல்யாண வீட்டில் நிற்கிற மாதிரி ஹாலிலேயே நிற்கின்றன. சமையலறைக்குப் போக வேண்டுமானால் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவில் ஒருக்களித்துத்தான் போக வேண்டும்.

படமும் விண்ணப்பமும் இத்துடன். விண்ணப்பத்தை அவரே நிரப்பினார். தண்ணீர் வந்ததா என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதியிருக்கிறார்.

அக்கா

ஆகஸ்ட் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணம் இல்லை. அதை முதலில் நம்பு.

படத்தைப் பார்த்து ஆபீஸே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு என் வேலைப் புத்தி சும்மா இருக்கவில்லை, உற்றுப் பார்த்தேன். பீரோ நின்ற இடத்தில் சுவரில் ஒரு கோடு. மேலே வெள்ளையடித்திருக்கிறது, ஆனாலும் தெரிகிறது. முன்வரிசையில் அந்த இரும்புப் பெட்டி. அதன் மேல்மூடி வரைக்கும் துரு. அக்கா, தினமும் இப்படிப்பட்ட கோடுகளைப் பார்த்துத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன்.

சாவியை இனித் தேட வேண்டாம்.

விண்ணப்பத்தை ஆபீஸில் கொடுக்கவில்லை, திருப்பி அனுப்புகிறேன். நாளைக்கு வெள்ளம் வந்தால் நஷ்டத்தைக் கணக்கெடுக்க வருகிற சர்வேயர் முதலில் சுவரைத்தான் பார்ப்பான். "இல்லை" என்று எழுதிய கையால் சல்லிக்காசு வாங்க முடியாது. அந்த வீடு போனால் நீங்கள் இருவரும் எங்கே போவீர்கள்? மழைக்கு அதிக நாள் இல்லை. என்னிடம் மறைத்தால் மறைத்துவிட்டுப் போ. பாலிசியில் மறைக்காதே.

தம்பி

செப்டம்பர் 14

தம்பி,

ஆமாம். வந்தது. இடுப்பளவு வந்தது.

நீ அப்போது மாற்றலாகிப் போன புதிது. போனில் "மழையாமே, எல்லாம் நல்லா இருக்கா?" என்று கேட்டாய். "நல்லா இருக்கு" என்றேன். அப்போது கட்டில்மேல் நின்றுகொண்டுதான் பேசினேன். தண்ணீர் வடிந்த பிறகு உன் அத்தான் முதலில் திறந்தது அந்தப் பெட்டியைத்தான். படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. ஸ்டூடியோவில் கயிறு கட்டிக் கிளிப் போட்டுக் காய வைத்து, பூப்போல உரித்துப் பார்த்தார். உன் முகம் உன் மாமியாரின் முகத்தோடு போய்விட்டது. உன் கல்யாண நெகட்டிவ் எல்லாம் கூழ். "ஊரார் கல்யாணமெல்லாம் நனையாம இருக்கு, சொந்த மச்சான் கல்யாணத்தைத் தண்ணில விட்டுட்டேனே" என்று அந்த மனுஷன் உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். மேட்டு வீடு என்று நம்பி நீ கொடுத்த பொருள். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. சுவருக்கு வெள்ளையடித்தோம். கோடு மறுபடி தலைகாட்டியது. பீரோவைக் கொண்டுவந்து மறைத்தோம்.

புது விண்ணப்பத்தில் நானே "ஆம்" என்று எழுதினேன். எந்த வருஷம், எவ்வளவு உயரம், எல்லாம் எழுதினேன். அவர் மறு பேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

உனக்குக் கோபம் இருக்கும். திட்டியாவது எழுது, பேசாமல் இருந்துவிடாதே. அப்புறம், உன் வீட்டுக்குப் போட்டாயா?

அக்கா

நவம்பர் 18

அன்புத் தம்பிக்கு,

நீயும் உன் வீட்டுக்காரியும் நலம்தானே? உன் ஊரிலும் மழை என்கிறார்கள். போன் போட்டால் அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. போன மாதம் பாலிசி தபாலில் வந்தது. உறையைக் கவிழ்த்து உதறிப் பார்த்தேன், உன் கடிதம் இல்லை.

போன வாரம் இங்கே வெள்ளம் வந்தது. முழங்கால் அளவு. மழை வலுத்ததும் எதிர்வீட்டு ஆட்களைக் கூப்பிட்டுச் சின்னச் சாமான்களை மாடிக்கு ஏற்றிவிட்டோம். மாப்பிள்ளையையும் பெண்ணையும் தூக்க முடியவில்லை, கீழேயே நனைந்தார்கள். தண்ணீர் வடிந்ததும் உன் அத்தான் துடைப்பத்தைத் தூக்கினார். "சர்வேயர் பார்க்காம எதையும் தொடக்கூடாது, என் தம்பி ஆபீஸ் விஷயம் எனக்குத் தெரியும்" என்று பிடுங்கி வைத்தேன்.

சர்வேயர் வந்தார். குரூப் போட்டோவைக் கொடுத்ததும் சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்த முடியாமல் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். சுவரில் இரண்டு கோடு. "பழசு எது?" என்றார். விண்ணப்பத்தில் எழுதியதைக் காட்டினேன். "எழுதினது நல்லதாப் போச்சும்மா" என்றார். தருகிறார்கள், தம்பி. சுவருக்கும் சாமானுக்கும் தருகிறார்கள்.

வீடு பிழைத்தது. நீ படித்துப் படித்துச் சொல்லிப் பிழைத்த வீடு. ஆனால் அந்த வீட்டில் உட்கார்ந்து ஒரு வாய் காபி எனக்கு நிம்மதியாக இறங்கவில்லை. ஆல்பத்துக்காக நீ என்னை விட்டுவிட்டாயோ என்று இருக்கிறது.

அக்கா

நவம்பர் 27

அன்புள்ள அண்ணிக்கு உங்கள் தம்பி பெண்டாட்டி எழுதுவது.

நாங்கள் நலம் என்று எழுதத்தான் ஆசை. உடம்புக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குத்தான் சுகமில்லை. நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. போனை எடுக்காததும் அவர்தான், என்னையும் எடுக்க விடவில்லை.

அண்ணி, அவருக்கு உங்கள் மேல் கோபமே இல்லை. உங்கள் கடிதம் வந்த அன்று உங்கள் வீட்டுக்காரர் அழுததைப் படித்துவிட்டு இவரும் அழுதார். பதில் எழுத உட்கார்ந்தார். கடைசியில் நீங்கள் கேட்டிருந்தீர்களே, "உன் வீட்டுக்குப் போட்டாயா" என்று, அங்கே பேனா நின்றுவிட்டது. "நாளைக்கே போட்டுடறேன், போட்டுட்டு எழுதறேன்" என்றார். அந்த நாளைக்கு வரவே இல்லை. ஆமாம் அண்ணி. ஊருக்கெல்லாம் பாலிசி பேசுகிற மனுஷன் சொந்த வீட்டுக்குப் போடவில்லை! கேட்டால், "நம்ம காலனி மேடு" என்பார்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் அந்த மேட்டில் தண்ணீர் வந்தது. தவளைகளும் வந்தன. இவர் சாப்பாட்டு மேசைமேல் ஏறி நின்றுகொண்டு, "வடிஞ்சிடும், இது மேடான இடம்" என்றார். அவருடைய ஆபீஸ் பையில் ஒரு தவளை உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. மெத்தை போச்சு, பிரிட்ஜ் போச்சு, அலமாரி போச்சு. கேட்க நாதியில்லை. "அக்காவுக்கு மட்டும் தெரியக் கூடாது" என்கிறார். சுவரைத் துடைத்து வெள்ளையடிக்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்.

ஆல்பம் போனதற்கு வருந்தாதீர்கள். அதில் இருந்தது கண்ணை மூடிய மாப்பிள்ளைதானே! ஆனால் நீங்கள் பேசினால்தான் இவர் தேறுவார்.

உங்கள் அன்பை எதிர்பார்க்கும்
தங்கச்சி

டிசம்பர் 2

மச்சானுக்கு,

கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. உன் அக்கா எழுத உட்கார்ந்தாள். சிரிக்கிறாள், அழுகிறாள், மறுபடி சிரிக்கிறாள், எழுதுகிற வழியாக இல்லை. அதனால் நான் எழுதுகிறேன். இருவரும் சௌக்கியம்.

உன் பெண்டாட்டியைத் திட்டாதே. உன் வீடு மேட்டில்தான் இருக்கிறது. என் வீடும் மேட்டில்தான் இருந்தது.

மாடி அறையை உன் அக்கா கழுவிவிட்டு, மெத்தை போட்டு வைத்திருக்கிறாள். வீடு காயும்வரை இரண்டு பேரும் இங்கே வந்து இருங்கள். அதற்கு முன்னால் கேமராவோடு நான் அங்கே வருகிறேன். கல்யாண நாளன்றைக்கு வந்து சேருவேன். நல்ல உடுப்பு போட்டுத் தயாராக இருங்கள்.

வெள்ளையடிக்க ஆளைக் கூப்பிடாதே. சுவரில் அந்தக் கோடு அப்படியே தெரிய வேண்டும். நீங்கள் இரண்டு பேரும் அதற்கு முன்னால் நில்லுங்கள். முதல் படம் ஆல்பத்துக்கு. நான் தண்ணீரில் விட்டதற்குப் பதில். இரண்டாவது படம் உன் பாலிசி விண்ணப்பத்துக்கு. அதில் என்ன எழுத வேண்டும் என்று உன் அக்கா பக்கத்தில் நின்று சொல்லுவாள், அவளும் வருகிறாள்.

பிளாஷ் அடிக்கும்போது இந்தத் தடவையாவது கண்ணைத் திறந்து வை.

அத்தான்